கூட வந்தவர்

மாமாவிடம் தேதியைச் சொல்லியிருக்கக் கூடாது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. புதன்கிழமை, நுவரெலியாவில், காலையில் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

செல்லசாமி மாமா எனக்கு ரத்த உறவு இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். கொழுந்து பறிக்கும் பெண்களிலிருந்து, அட்டன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் என்வரைக்கும் எல்லோருக்கும் மாமாதான்.

மக்கள் ஒலிபரப்புச் சேவை என்கிற வானொலிக்குப் புதிதாக ஓர் ஆலோசனைச் சபை அமைத்தார்கள். செய்தி நேர்மையாக இருக்கிறதா, யாரையாவது விட்டுவிட்டார்களா, தப்பாகச் சொன்னதைத் திருத்தினார்களா என்று தட்டிக் கேட்கிற சபை. அதில் மலையகத்துக்கு ஓர் இடம். வருகிற ஆள் எந்தக் கட்சிக்கும் எந்தச் சங்கத்துக்கும் சாயாதவராக, சுயாதீனமானவராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. தேர்தலில் யாருக்கு வோட்டுப் போடுகிறேன் என்பது என் புருஷனுக்கே தெரியாது.

அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. பெருமைக்காக இல்லை. முந்தின வருஷ மழையில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் கீழ் லயத்தின் மேல் மண் சரிந்தது. வீரம்மா அக்காவும் அவருடைய மகளும் போய்விட்டார்கள். மறுநாள் அந்தச் சேவையின் செய்தியில், ‘எச்சரிக்கை விடுத்தும் மக்கள் வெளியேற மறுத்துள்ளனர்’ என்று வாசித்தார்கள். யார் மறுத்தது? எச்சரிக்கை சிங்களத்தில் மட்டும் வந்தது. லயம் லயமாகப் போய் அதைத் தமிழில் சொன்னவளே நான்தான். சனங்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் நின்றார்கள். மாமா லொறி கேட்டு, தோட்டத்து மேனேஜர் துரையின் பங்களாவுக்கும் ரோட்டுக்கும் நனைந்துகொண்டே ஓடினார். லொறி வருவதற்கு முன்னால் மண் வந்துவிட்டது.

வானொலி நிலையத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். குறித்தார்களோ இல்லையோ, திருத்தவில்லை. செத்தவர்கள் மேல் பழி அப்படியே நின்றது. அந்தச் சபையில் உட்கார்ந்து அந்த ஒரு வரியையாவது திருத்த வைக்க வேண்டும் என்று வெறி எனக்கு.

புதன்கிழமை பஸ் ஹோல்ட்டுக்குப் போனால் மாமா எனக்கு முன்பே வந்து நிற்கிறார். சலவை வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அக்குளில் ஃபைல்.

“ஏறு புள்ள. நான் பேசிக்கிறேன்” என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் ஆபீசுக்குத் தனியாகப் போவதில்லை. ஆஸ்பத்திரி, பொலிஸ், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எதுவானாலும் தலைவர் கூட வருவார். அவர் இல்லாமல் போனால் மேசைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். தலைவரிடம் ‘வராதீங்க’ என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

நானுஓயா வரைக்கும் மனதுக்குள் ஒரு வாக்கியத்தைச் செதுக்கினேன். ‘மாமா, இன்னைக்கு மட்டும் நீங்க வெளியவே இருந்தா நல்லதுங்க.’ கோர்ட்டில் அடுத்தவர் பேச்சையெல்லாம் பட்டுப் பட்டென்று மொழிபெயர்க்கிறவளுக்குச் சொந்தப் பேச்சு வரவில்லை. நானுஓயாவில் ஜன்னல் வழியாக வடை வாங்கி என் கையில் வைத்து, “சாப்புடு, வெறும் வயித்தோட பேசினா கொரல் நடுங்கும்” என்றார். வடையோடு சேர்த்து வாக்கியத்தையும் விழுங்கினேன்.

நேர்முகம் நடந்த மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் அவர் நுழைந்தார்.

“வணக்கமுங்க. இது நம்ம புள்ளைங்க. எங்க சங்கமே இதுக்குப் பொறுப்பு.” சங்கக் கொடி அச்சடித்த தன் அட்டையை மேசையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, என் குடையையும் கைப்பையையும் வாங்கிக்கொண்டு வெளியே கிடந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்தவில்லை.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர்தான் தலைமை. கிருஷாந்தி என்று பெயர்ப் பலகை. பேச்சில் யாழ்ப்பாணம் இருந்தது. ஒரு மணி நேரம் கேட்டார்கள். மண்சரிவுச் செய்தியைப் பற்றி நான் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இடம் எனக்குத்தான் என்று என் மனசு துள்ளியது.

கடைசியில் அவர் அந்த அட்டையைக் கையில் எடுத்தார்.

“நீங்கள் ஒரு சங்கத்திலயும் இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். இவர் ஆர்?”

“எங்க தோட்டத்துத் தலைவருங்க. இங்க யாரும் தனியா ஆபீசுக்குப் போறதில்லைங்க. வழக்கம்.”

மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருஷாந்தி குரலைத் தணித்தார். “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஒண்டே ஒண்டு சொல்லுங்கோ. நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ, இல்லாட்டி அவர் தானா வந்தவரோ? தானா வந்தவர் எண்டால் நாங்கள் இந்த அட்டையை மறந்திடுவம்.”

தானாகத்தான் வந்தார். அதுதான் உண்மை. ஒரு சொல் போதும்.

திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். என் கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் காதைத் திருப்பியிருந்தார். கூப்பிடாமல் வந்த ஆள் என்று என் வாயால், அந்நியர் முன்னால், அவர் காதுபடச் சொல்ல வேண்டும். அந்த மழையில் அவர் ஓடிய ஓட்டம் கண்ணுக்குள் வந்தது.

“நான்தாங்க கூட்டிட்டு வந்தேன்.”

கிருஷாந்தி அட்டையைக் கீழே வைத்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார்.

இடம் கொழும்பிலுள்ள ஓர் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தது. நல்ல மனிதராம். மலையகத்தில் அவருக்கு யாரையும் தெரியாது. அதைவிடச் சுயாதீனம் வேறென்ன இருக்கிறது? எனக்குக் கோபம். அவர் மேல் இல்லை, என் மேல். உண்மையைச் சொல்லுங்கள் என்று வானொலியைக் கேட்கப் போனவள், முக்கியமான கேள்விக்குப் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் வீரம்மா அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய நியாயத்தை விலையாகக் கொடுத்து. இப்போது அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வேன்? அதையே சொல்லித் தொலைப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் இன்னும் வருத்தம்.

போன வாரம் மறுபடி மழை. கொத்மலைப் பக்கம் ஒரு லயத்தில் மண் சரிந்து சுவர் விழுந்தது. உயிருக்குச் சேதமில்லை. சந்தியிலுள்ள தேத்தண்ணிக் கடையில் மாமாவோடு நின்றுகொண்டிருந்தபோது வானொலியில் செய்தி போனது. ‘எச்சரிக்கை விடுத்தும் மக்கள் வெளியேற மறுத்துள்ளனர்.’

அதே வரி. ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மாமா கிளாஸைக் கீழே வைத்தார். “நீ அந்தச் சபையில இருந்திருந்தா இப்படி வாசிக்க விட்டிருப்பியா?” என்றார். தலை குனிந்து நின்றேன்.

அவர் என் தோளைத் தட்டினார். “மனசத் தளர விடாத புள்ள. தப்பு என்னுதுதான். வெறும் தோட்டத் தலைவன் வந்து நின்னா எவன் மதிக்கிறான்? அடுத்த தடவ மந்திரியையே கையோட கூட்டிட்டு வர்றேன்.”

“சரிங்க மாமா” என்றேன்.