சாப்பாட்டறைப் படங்கள்

விஜயகலா ஸ்டூலில் ஏறிச் சாப்பாட்டறைச் சுவரிலிருந்த படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, குசினிக் கதவருகே அவள் புருஷன் முத்துவீரன் வந்து நின்றான். காலில் செருப்பில்லை. முழங்கால்வரை சேறு.

"ஒங்கம்மா போயிருச்சு கலா."

அவள் உடனே இறங்கவில்லை. கண்ணாடியில் மீதமிருந்த மூலையையும் துடைத்தாள். பிறகு துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

முன்பு தேயிலைத் தோட்டத்துத் துரை இருந்த பங்களா இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். கொழும்பிலிருக்கும் மேடம் அதைக் குத்தகைக்கு எடுத்ததும், லண்டனிலிருந்து இந்தப் படங்களை வரவழைத்துத் தேக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பழைய சுவரொட்டிகளைப் பார்த்துப் புதிதாக அச்சடித்தவை. ஒன்றில் மண்வெட்டியை அழுத்தும் ஒரு சப்பாத்துக் கால். இன்னொன்றில் கூடை நிறையக் கிழங்கும் கீரையும் சுமந்து சிரிக்கும் பெண். கப்பல் வராத நாட்களில், பூந்தோட்டத்தையும் கொத்திச் சாப்பாட்டுக்குப் பயிர் வையுங்கள் என்று அந்த ஊர் அரசாங்கம் ஒட்டியதாம். மனேஜர் நிலாம் வேலைக்காரர்களுக்கு அதை விளக்கியபோது கலா கேட்டுக்கொண்டு நின்றாள். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொன்னாள்.

அவரைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்த அம்மா வெள்ளையம்மா, "நம்ம பஞ்சத்துக்கு யாரும் படம் போடலியே" என்றாள்.

எழுபத்து நாலில், அரிசியும் மாவும் கிடைக்காத மாதங்களில், வெள்ளையம்மாவின் மூத்த மகன், கலாவின் அண்ணன், தொழிலாளர்களின் வரிசைவீடான லயத்துக் காம்பராவில் செத்துப்போனான். அவனைப் புதைத்துவிட்டு வந்த வாரமே, லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் சும்மா கிடந்த சரிவை வெள்ளையம்மா கொத்தத் தொடங்கினாள். மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, அவரை, பசளிக்கீரை. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் இருட்டும்வரை அங்கேதான் நிற்பாள். அந்த மண் பிறகு ஒரு போகமும் வெறுமனே கிடந்ததில்லை. இந்த வருஷம் மழைக்கு முன்பே அவள் படுக்கையில் விழுந்தபோது, கலா அதைப் பார்த்துக்கொண்டாள்.

ஹோட்டல் வராந்தாவில் உட்கார்ந்தால் இப்போது அந்தச் சரிவுதான் கண்ணுக்கு நேரே தெரிந்தது. பந்தல் கம்புகளும் காக்கை விரட்டக் கட்டிய கிழிந்த சாரத் துணியும் அசிங்கமாக இருக்கின்றன, எல்லாவற்றையும் பிடுங்கிப் புல் பதியுங்கள் என்று மேடம் சொல்லியனுப்பியிருந்தார்.

மறுநாள் பின்னேரம், தப்பு மேளம் முழங்க, சவப்பெட்டியைத் தூக்குவதற்கு ஆட்கள் கூடியிருந்த நேரம் நிலாம் மலர்வளையத்தோடு லயத்துக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், பெட்டியின் தலைமாட்டில் சற்று நேரம் நின்றார். வெளியே வந்து கலாவை முன்திண்ணையான இஸ்தோப்பின் ஓரத்துக்கு அழைத்தார்.

"இந்த நேரத்துல சொல்ற கதையில்ல இது. நாளைக்கு காலைல அந்தச் சரிவுல பயிர வெட்ட ஆள் வாராங்க. மேடம் வெள்ளிக்கிழமை வரப் போறாங்க. எனக்கு ஒண்ணும் செய்ய ஏலாது, கலா."

"வரட்டும் சார்."

"கோவிச்சிக்காதீங்க."

"கோவமில்ல. நான் அந்த மண்ணுல நிப்பேன். அத மேடத்துக்கிட்ட சொல்லிருங்க."

"வேல போயிரும்."

"தெரியும் சார்."

உள்ளே பெண்களின் ஒப்பாரி ஓங்கியது. கலா முந்தானையை இறுக்கிச் சொருகிக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

விடிந்ததும் அவள் மரவள்ளிக் குச்சிகளை ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கினாள். அம்மாவின் தங்கை பால் சொம்போடு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அடியே, குழியில பால் தெளிக்கப் போற நாளு. தீட்டோட மண்ண தொட்டா பயிரு பட்டுப்போகும்டி!"

"பட்டுப்போனா திரும்ப நடுறேன் சின்னம்மா."

ஆட்கள் வந்தபோது அவள் பாத்தி நடுவில் இருந்தாள். எல்லாரும் பக்கத்து லயத்துக்காரர்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னால் வந்த செல்லையா மம்பட்டியை ஊன்றிக்கொண்டு ஓடையைப் பார்த்தபடி நின்றார். நேற்றுப் பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப்போனவர் அவர்தான்.

"விலகுங்க கலா," என்றார் நிலாம்.

அவள் நிமிர்ந்தாள். "நீங்கதானே சார் சொன்னீங்க, அவுங்க ஊருல பூந்தோட்டத்தயே கொத்துனாங்கன்னு. அத கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கீங்க. நானும் தெனம் தொடைக்கிறேன். இங்க கெழங்க புடுங்கிட்டுப் புல்லு வைக்கணும்னா மொதல்ல அந்தப் படங்கள கழட்டுங்க. இல்லாட்டி வர்ற வெள்ளைக்காரங்கள ஒவ்வொருத்தரா இங்க கூட்டிட்டு வந்து காட்டுவேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. கையால காட்டுவேன்."

செல்லையா தொண்டையைச் செருமினார்.

"நேத்து இந்தம்மாவ தோளுல தூக்குனேன் சார். இன்னைக்கு இத செய்ய எனக்கு முடியாது."

மற்றவர்கள் கையிலிருந்த கத்திகளைக் கீழே போட்டார்கள். நிலாம் போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. மேட்டுப் பாறைக்கு ஏறிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் பேசினார். ஒருமுறை அவர் கை மேலே எழுந்து கீழே விழுந்தது. இறங்கி வரும்போது சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"மேடம் மழை முடியிற மட்டும் விடச் சொல்றாங்க. அதுக்குப் பொறகு என்னால சொல்ல ஏலாது."

"என் வேல?"

"நாளைக்கழிச்சு வாங்க."

"வாறேன் சார். மழைக்குப் பொறகும் இங்க நிப்பேன்."

அவர் தலையசைத்தாரா இல்லையா என்று தெரியவில்லை. மெல்ல ஏறிப்போனார்.

"அண்ணே, அந்த மம்பட்டிய குடுங்க."

செல்லையா கொடுத்தார். கலா பாத்தியைத் தாண்டி, அம்மா ஒருநாளும் கொத்தாத மேட்டுப் பக்கத்துக்குப் போனாள். புல் வேர்கள் இறுகிக் கிடந்தன. முதல் வெட்டு பாதிதான் இறங்கியது. அவள் மறுபடி ஓங்கினாள்.

சின்னம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையிலிருந்த பால் சொம்பைக் கல்லின் மேல் வைத்து, இலையால் மூடிவிட்டு, வெட்டிப் போட்ட புல்லை ஓரமாக அள்ளிப் போடத் தொடங்கினாள்.