ஒன்பதாம் எண் பனியன்

என் புருஷன் க்ளென் டிரான்ட்டரின் கடைசிக் கூடைப்பந்து ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் அரங்கத்து கேன்டீனில் இறைச்சி அடைத்த சுடுரொட்டி விற்றுக்கொண்டிருந்தேன். உள்ளூரில் அவன் ஆடிய ஆட்டம் எல்லாவற்றையும் அந்த ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். சரியாக அவன் பந்தை எறியும்போதுதான் எவனாவது வந்து குறுக்கே நின்று சாஸ் கேட்பான்.

பத்தொன்பது வயதில் மெல்பர்னில் ஒரு பெரிய அணி அவனைக் கூப்பிட்டது. ஒரு சீசன் முழுக்கப் பயிற்சியில் ஓடவிட்டுவிட்டு, குட்டையாக இருக்கிறாய் என்று திருப்பி அனுப்பியது. அன்றைக்குத்தான் தெரிந்ததாக்கும் அவன் உயரம்! அப்புறம் வாரம் முழுக்க டயர் கடை, சனி ஞாயிறு பந்து. பந்தில் வரும் காசு பெட்ரோலுக்கும் முட்டிப் பட்டைக்கும் சரியாக இருக்கும். எங்கள் தேனிலவே மில்டூராவில் அவனுக்கு ஆட்டம் இருந்ததால் நடந்ததுதான். பெரிய ஆள் ஆகவில்லை. ஆனாலும் எங்கள் வாரன்டா ஊரில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன் என்றால் அவன்தான், வேறு ஆள் கிடையாது.

போன வருஷம் எங்கள் ஊர்க் கூடைப்பந்துச் சங்கம் ஒஹையோவிலிருந்து லமாண்ட் புருவிட் என்று ஒருவனை இறக்கியது. க்ளென் ஆடும் அதே இடத்துக்கு. வருகிற அமெரிக்கக்காரனை யாராவது ஒரு ஆட்டக்காரன் வீட்டில் தங்கவைப்பதுதான் வழக்கம். காலி அறை எங்கள் வீட்டில்தான் இருந்தது. புருஷன் இடத்தைப் பிடித்தவனுக்கு நானே ஆட்டுச் சாப்ஸ் பொரித்துப் போட்டேன். தின்ற தட்டைக் கழுவிவைக்கிற நல்ல பிள்ளை, திட்டவும் மனசு வரவில்லை. க்ளென் முட்டியோ ஒழிந்துபோயிருந்தது. இந்த வருஷத்தோடு நிறுத்திக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கடைசி ஆட்டத்துல உன்னைக் கண்டிப்பா இறக்குவேன்டா. இது சத்தியம்" என்று கோச் ராட் ஹாஸ்கெல் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் க்ளென் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினான். விடியற்காலையில் பனியில் எழுந்து முட்டியில் சூட்டு ஒத்தடம் வைப்பான். "நாலு நிமிஷம் போதும் மெர், நாலே நிமிஷம்" என்பான். மெரின் என்கிற என் பேரை அவன் மட்டும்தான் அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால்தான் எங்கள் அணி அந்தப் பிரிவில் நிற்கும், தோற்றால் கீழே இறக்கிவிடுவார்கள். அதனால் ராட் கடைசிவரை அவனை பெஞ்சிலேயே வைத்திருந்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். அப்போதுதான் ராட் கையைக் காட்டினார். க்ளென் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு புள்ளி எழுதுகிறவர்கள் மேசைப் பக்கம் போய் நின்றான். அரங்கமே எழுந்து கத்தியது. நான் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு கேன்டீனை விட்டு வெளியே ஓடினேன்.

அவன் களத்தில் கால் வைக்குமுன் லமாண்டின் மூக்கில் ஒருவன் முழங்கை பட்டது. ரத்தம் கொட்டியது. மூக்கில் பஞ்சை அடைத்ததும் நின்றுவிட்டது, ஆனால் பனியன் நெஞ்சு முழுக்கச் சிவப்பு.

"ரத்தக் கறையோட ஆடக்கூடாது. மாத்திட்டு வரச்சொல்லு" என்றார் நடுவர்.

இதற்கென்றே ஒவ்வொரு அணியும் ஒரு உபரிப் பனியன் வைத்திருக்கும். எங்கள் மேனேஜர் நோலீன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். டேப்பும் தண்ணீர்ப் போத்தலும்தான் விழுந்தன. "ஐயோ, இல்லையே" என்றாள், முகம் வெளிறிப்போய்.

ராட் க்ளென் பக்கம் திரும்பினார். "அப்போ லமாண்ட் இடத்துல நீ போ. பந்து உன் கையில."

க்ளென் ஒரு கணம் எதிரணியைப் பார்த்தான். பிறகு தன் ஒன்பதாம் எண் பனியனைக் கழற்றி லமாண்டிடம் நீட்டினான்.

"தலைவா, வேணாம். இது உன் ஆட்டம்" என்றான் லமாண்ட்.

"போட்றா. பேசிட்டு நிக்காத."

பாவி மனுஷா, இதற்குத்தானா இத்தனை ஒத்தடம்! கறைப் பனியனைப் பிடுங்கிக்கொண்டு கேன்டீன் தொட்டிக்கு ஓடினேன். ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க விறைக்கத் தேய்த்தேன். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நடுவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தேன். சரி என்று தலையாட்டினார். க்ளென் அந்த ஈரத்தை மாட்டிக்கொண்டு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தான். இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. ராட் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். ராட் வேறொருவனை இறக்கினார்.

லமாண்ட் கடைசிப் பந்தைக் கூடையில் போட்டான், ஜெயித்தோம். எண்ணைப் பார்த்து மைக்கில் க்ளென் பேரைச் சொல்லித் தொலைத்தான் ஒருவன். ஊரே சிரித்துக் கை தட்டியது.

பிறகு நோலீன் ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கொண்டுவந்து க்ளென் கையில் கொடுத்தாள், வழியனுப்புப் பரிசாக. உள்ளே எங்கள் அணிப் பனியன் ஒன்று, அதன் மேல் எல்லோர் கையெழுத்தும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நோலீன், இது எங்கேருந்து வந்துச்சு?"

"பையில சும்மா கிடந்ததுதானேம்மா. புதுசு தைக்க நாளாகும்னாங்க..." சொல்லும்போதே அவளுக்கும் உறைத்துவிட்டது.

"அடிப்பாவி! உபரியையா கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சீங்க? அது இருந்திருந்தா என் புருஷன் ஆடியிருப்பானே!"

அவள் அழுதுவிட்டாள். "விடு மெர்" என்று க்ளென் என்னை இழுத்துக்கொண்டு வந்தான்.

கார் சாவியைப் போட்டான், கிளப்பவில்லை.

"அவளைத் திட்டாத. பையில அது இல்லாதது நல்லதாப் போச்சு."

"என்ன உளறுற?"

"எதிரணியில என்னை மறிக்க நின்னவன் என்னைப் பாத்து 'வா தாத்தா'ன்னு சிரிச்சான். வேகமான பையன். ராட் பந்து உன் கையிலன்னாரு பாரு, அந்த நிமிஷமே எல்லார் முன்னாடியும் நான்தான் தோத்துக் குடுப்பேன்னு தோணுச்சு. பனியன் ஒரு சாக்கு. பயந்துட்டேன், அவ்ளோதான்."

"நான் துவைச்சுக் கொண்டாந்து குடுத்தேனே?"

"லேஸ் அவுரவே இல்ல மெர், சும்மாதான் குனிஞ்சேன்."

எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "நீ விழுந்து தோத்திருந்தாக்கூட நான் உன்னைத் தூக்கிட்டு வந்திருப்பேன்டா" என்றேன்.

"தெரியும்" என்றான்.

திங்கட்கிழமை டயர் கடைக்கு வந்தவர்களெல்லாம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். உன்னைப்போல மனசு யாருக்கு வரும், சட்டையைக் கழற்றிக் கொடுத்தவனாயிற்றே என்றார்களாம். அவன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னான். ஆட்டம் முடிந்துவிட்டது, ஆனால் இந்தப் பாராட்டை அவன் இனி சாகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.