எக்ஸ்ரேயை எந்தக் கையால் கொடுப்பது

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. 2005இல் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் செஞ்சி வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் அம்சா என்றொரு பெண் தன் கணவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். காது கொடுத்தேன், அவ்வளவுதான்.

கணவன் முருகையன். செஞ்சிப் பக்கத்து வல்லத்துக்காரன், 1993இல் பட்டாளத்தில் சேர்ந்தவன். மலைப்பாதையில் லாரி உருண்டதில் வலது தோள் நொறுங்கியது. பத்தே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊனம் இருபது சதவீதம் என்றால் பென்ஷன் உண்டு. மருத்துவக் குழு பதினைந்து போட்டது. பதினைந்துக்கு ஒன்றும் கிடையாது. விழுப்புரத்தில் ஆள் பிடித்து மேல்முறையீடு செய்தான். மறுபடி பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள்.

2

முதலில் இப்படித்தான் எழுதினேன்: 'அதிகாரியைக் கண்டதும் முருகையனின் வலது கை, வலியை மறந்து, சல்யூட் அடிக்க விர்ரென்று...'

(நிறுத்திவிட்டேன். தலையில் தொப்பி இல்லாமல் சல்யூட் கிடையாதாம், விறைத்து நின்றால் போதுமாம். பட்டாளத்து நண்பர் சொன்னார். நல்ல காட்சி போச்சே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.)

நடந்தது அதைவிட அற்பம். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பட்டாளத்து டாக்டர், "எக்ஸ்ரே?" என்று கையை நீட்டினார். முருகையனுக்குச் சட்டைக்குள் கையை நுழைக்கவே அம்சா வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய மனிதருக்கு இடது கையால் எப்படிக் கொடுப்பது? வலது கையால் நீட்டினான்.

"வெளிச்சத்துல தூக்கிப் பிடி" என்றார்.

தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். உடைந்த தோளின் படத்தை உடைந்த தோளே தூக்கிக்கொண்டு நின்றது. உயிர் போகிற வலி. முகத்தில் காட்டவில்லை, காட்டக் கூடாது என்றுதானே பழக்கியிருந்தார்கள். டாக்டர் தோளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பதினைந்து பதினைந்தாகவே நின்றது.

3

"வலிக்குதுன்னு சொன்னா வாயா வெந்துடும்? ஒரு செடி மல்லாட்டை புடுங்க முடியல உன்னால. அங்க போயி வீரத்தைக் காட்டிக்கினு வந்துக்கிறியே!"

"ஆபிசருங்க அம்சா. பீச்சாங்கையால எப்டி குடுக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.

[இங்கே ஒரு முடிவு வைத்திருந்தேன். இரக்கமுள்ள டாக்டர் ஒருவர் வந்து இருபது போடுகிறார். பொய் என்று அடித்துவிட்டேன். இன்னொன்றில் முருகையன் கிணற்றடிக்குப் போய்... அதை எழுத மாட்டேன்.]

4

அவர்கள் வண்டியேறிப் போய்விட்டார்கள். இனி என் கற்பனை.

இன்னும் ஒரே ஒரு மேல்முறையீடு பாக்கி. அதுவும் போனால் போனதுதான். அதற்காக வீட்டில் பயிற்சி நடக்கிறது. அம்சா முக்காலியில் உட்கார்ந்து, "நான்தான் டாக்டரு. குடு" என்று கையை நீட்டுகிறாள். முருகையனின் இடது கை பாதி தூரம் வந்து நின்றுவிடுகிறது.

"உனுக்கே குடுக்க கூசுது. அவருக்கு எப்டிக் குடுப்பேன்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள். அவனுக்கும் அழுகை முட்டுகிறது. விறைத்து நிற்கிறான்.

5

முடிவு என் கையில் இல்லை. டாக்டரின் நாற்காலியில் உங்களை உட்காரவைத்துவிட்டேன். முருகையன் எக்ஸ்ரே உறையோடு உங்கள் முன்னால் நிற்கிறான். நீங்கள் வழக்கம்போல...

வேண்டாம், கையை நீட்டாதீர்கள். எழுந்து வந்து அந்தத் தோளைத் தொட்டுப் பாருங்கள்.