ஆற்றுக் கப்பல்

நடந்தது ஆவணியிலா புரட்டாதியிலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. மழையில்லாத காலம் என்பது மட்டும் தெரியும்.

புலம்பெயர்ந்து வந்த துறைமுக நகரத்தில், போர்கோ வெக்கியோ பகுதியிலிருந்த வீட்டில், அகஸ்ரின் தொண்டைப் புற்றுநோய் ஆபரேஷனுக்காகக் காத்திருந்தார். அதன்பிறகு குரல் இராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வாசலில் வந்து நிற்கும்போது ஒருதரம் வாய்நிறைய "றம்யா" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

றம்யா தன்யூப் ஆற்றில் ஓடும் உல்லாசக் கப்பலில் அறைகளைத் துப்புரவு செய்பவள். ஆபரேஷனுக்கு முதல்நாள் வந்துசேர வேண்டியவள், வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, கப்பல் தரைதட்டிட்டுது."

தாய் அருள்நாயகி கத்திவிட்டாள். "மாதாவே! உனக்கு நீந்தவும் தெரியாதேடி!"

"நீந்தவோ? ஆத்திலை தண்ணியே இல்லையம்மா, அதாலைதான் நிக்குது. பயணிகளைப் பஸ்ஸிலை ஏத்தி அனுப்பிப்போட்டினம். எங்களை இறங்க விடமாட்டினமாம்."

தெருமுனையில், துறைமுகத்துக் கடலில், பத்து மாடி உயரக் கப்பலொன்று நிமிர்ந்து நின்றது. அருள்நாயகிக்குப் புயல் வரக்கூடாது என்று மன்றாடத்தான் தெரியும். மன்னாரில் கடலுக்குப் போனவர்களுக்காக அப்படித்தான் மன்றாடினாள். எங்கோ ஓர் ஆற்றில் மழைபெய்ய யாரிடம் மன்றாடுவது?

"இஞ்சேருங்கோ, போனிலையாவது கூப்பிடுங்கோவன்."

அகஸ்ரின் போனைக் கையால் விலக்கினார். "வாசலுக்கு வரட்டும்," என்றார்.

ஆபரேஷனைத் தள்ளிப்போட டாக்டர் சம்மதிக்கவில்லை. ஆற்றுக்கு மழை அடுத்த கிழமைதான் வந்தது. அகஸ்ரின் பிழைத்துக்கொண்டார், றம்யா வாசலில் வந்து நின்றபோது கட்டில் சட்டத்தில் தட்டினார். அவள் இப்போது கப்பலை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் பொலிதேயாமாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். அருள்நாயகி பழையபடி தன் முதலாளியம்மாவான சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வேலைக்குப் போய்வருகிறாள்.