காரணமில்லாத சிரிப்புக்கு வரிக்கழிவு

வருமான வரி அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு எக்ஸ்சேஞ்ச் அக்கா படியேறியே போனார். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விசாரணையே தன்னுடைய மூச்சைப் பற்றியது என்பதால், அதைப் போகிற வழியிலேயே காட்டிவிடலாம் என்று நினைத்தார். பின்னால் வந்த தம்பி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீ போக்கா. நான் அடுத்த டிரிப்ல வர்றேன்."

அக்காவுக்கு அந்தப் பெயர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தபோது மூச்சில் பாதிதான் மிஞ்சியிருந்தது. சமையலறையிலிருந்து வாசல் கேட்டுக்குப் போக நடுவழியில் ஒரு நாற்காலி போட வேண்டியிருந்தது. உட்கார்ந்து, இளைப்பாறி, மீதித் தூரம் நடப்பார். டாக்டர் மருந்துச் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'தினமும் சிரிப்புப் பயிற்சி' என்று எழுதிக் கொடுத்தார்.

அப்படி ஒரு வகுப்பை ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் டயர் கடைக்கு மேலே வாடகை அறையில் நடத்திவந்தார். பென்ஷன்காரர்கள் கையை உயர்த்தி, அடிவயிற்றிலிருந்து ஹோ ஹோ என்று ஆரம்பித்து ஹா ஹாவில் முடிப்பார்கள். கீழே டயர் மாற்றுகிறவர்கள் முதல் வாரம் முழுவதும், மேலே யாருக்கோ சொத்து கைக்கு வந்துவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள். கட்டணம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு வருமானத்தில் கழிவு உண்டு. எல்லோரும் அந்தக் கணக்கில் எழுதி, வரியில் குறைத்துக்கொண்டார்கள். அந்தச் சலுகையில்தான் அறை நடந்தது.

இந்த வருடம் அதிகாரி அதை நிறுத்திவைத்தார். சிரிப்பது சிகிச்சையா, பொழுதுபோக்கா? சினிமா டிக்கெட்டுக்குக் கழிவு கிடையாது. அக்காவின் மனுவில் வரும் தீர்ப்புதான் மற்றவர்களுக்கும். கழிவு இல்லையென்றால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், மாதக் கடைசியில் அறையைக் காலி செய்வதைத் தவிர வழியில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டார். அக்கா அன்றிரவே வாசலுக்குப் போகும் வழியில் இன்னும் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். அதில் மறுபடி உட்காரப் போவதில்லை என்று முடிவு செய்தார்.

அதிகாரி மோசமானவர் இல்லை. விதிகளைப் புரட்டிப் பார்த்து, அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். காரணத்தோடு வரும் சிரிப்பு பொழுதுபோக்கு. காரணமே இல்லாமல் சிரித்தால் அது உடற்பயிற்சி, ஆகவே சிகிச்சை. அவர் எதிரில் சிரித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரும் ஜோக் சொல்லக் கூடாது என்று நர்ஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். சொல்லும்போது டிரைவரை மட்டும்தான் பார்த்தார்.

அறையில் இரும்பு அலமாரி, கயிறு கட்டிய கோப்புகள், ஒரு மேசை. மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் ஸ்டெனோ, கல்லில் செதுக்கிய முகத்தோடு. அதிகாரி கழுத்து டையைச் சரிசெய்து உட்கார்ந்தார். முன்பே வந்து காத்திருந்த நர்ஸ் கை தட்டினார்.

முதலில் வந்தது சிரிப்பே இல்லை. அரசாங்க அலுவலகத்தில் சிரித்துப் பழக்கமில்லாத மூன்று பேரின் இருமல் அது. "மந்தமாகத் தொடங்கியது" என்று அதிகாரி சொல்ல, ஸ்டெனோ தட்டினார். பிறகு சூடு பிடித்தது. ஹோ ஹோ, ஹா ஹா. அதிகாரி மேசை மணியை அடித்ததும் குழாயை மூடியதுபோல நிறுத்தினார்கள். அவருக்கே திருப்தி. உத்தரவைச் சொல்ல ஆரம்பித்தார்.

"மேற்படி மனுதாரர் எனது முன்னிலையில்..."

அப்போது அவர் உட்கார்ந்திருந்த சுழல் நாற்காலி இறங்கத் தொடங்கியது.

அவசரமே இல்லாமல், சூடான சோற்றில் வெண்ணெய் இறங்குவதுபோல இறங்கியது. முதலில் டை மேசைக்குப் பின்னால் மறைந்தது. அப்புறம் சட்டைப்பை பேனா, அப்புறம் தோள். முகவாய் மேசையைத் தொட்டபோதும் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கீழே எங்கோ 'டக்' என்று ஒரு விசை. அதிகாரி முழு உயரத்துக்கு எழும்பி, விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தைத் தொடர்ந்தார். ஸ்டெனோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நர்ஸ் கூரையைப் பார்த்தார். ஆபரேஷன் தியேட்டரில் பழகிய முகம், தாங்கியது. டிரைவர் கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். அக்கா துக்கமான விஷயங்களை நினைக்க முயன்றார். கணவர் இறந்த நாளை நினைத்தார். அன்றைக்குத் தம்பி மாலையைப் பிணத்துக்குப் போடாமல் கண் மூடிச் சாய்ந்திருந்த பெரியப்பாவுக்குப் போட்டது ஞாபகம் வந்தது. உடனே அதை விட்டுவிட்டார்.

"மனுதாரர் சிரித்த வேளையில்" என்றபடி அதிகாரி மறுபடி இறங்கினார், "நகைப்புக்குரிய பொருள் எதுவும் இந்த அறையில்..." மேசைக்கு மேலே மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்தது. "...இல்லை என்பது உறுதி செய்யப்பட்டது."

டிரைவரிடமிருந்து பஸ்ஸின் ஏர் பிரேக் விடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். நர்ஸ் அலமாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அக்கா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையை அறைந்தார். கண்ணீர் வழிய, விலா நோக, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பார்த்து, பார்த்து, மறுபடி வெடித்தார்கள்.

டக். அதிகாரி மேலே வந்தார்.

"இப்ப எதுக்குச் சிரிச்சீங்க? நான் சிரிக்கச் சொல்லலியே."

"ஒண்ணுமில்ல சார்" என்றார் டிரைவர். "பழக்கதோஷம்."

அதிகாரி விடவில்லை. எழுந்து சுவரைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், அலமாரிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார், சட்டைப் பித்தானைச் சரிபார்த்தார். எதுவும் கிடைக்காமல் உட்கார்ந்து அக்காவைப் பார்த்தார். மனு அவருடையது, பதிலும் அவருடையதாக இருக்க வேண்டும் என்றார்.

அக்காவுக்கு ஒன்று புரிந்தது. இவ்வளவு சிரித்தும் தனக்கு மூச்சு இரைக்கவில்லை. பொய் சொன்னால் அறை நிற்கும், சொல்லாவிட்டால் போகும். வேலைக்காலம் முழுக்க ஊரார் பேச்சை நடுவில் இருந்து கேட்டவர், ஒரு சொல்லையும் மாற்றி அனுப்பியதில்லை. அதை இப்போது ஆரம்பிக்க முடியவில்லை.

"காரணம் இருக்குங்க சார். உங்க நாற்காலி எறங்குது."

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

அதிகாரி இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை வெளியே போட்டார். இந்த நாற்காலியைப் பற்றி அவர் எழுதிய புகார்கள். ஒவ்வொரு புகாருக்கும் தளவாடப் பிரிவிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஒல்லியான ஆள். அவர் உட்கார்ந்தால் இறங்கவில்லை. பழுது ஏதுமில்லை என்று சான்று கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இறங்குவதும் விசையை இழுத்து ஏறுவதும் அதிகாரி கவனிக்காத பழக்கமாகிவிட்டது.

"இது எறங்காத நாற்காலின்னு இலாகா எழுத்துல குடுத்திருக்கு. அதுக்கு எதிரா நானே எழுத முடியாது" என்றார் அதிகாரி. "எறங்காத நாற்காலி எறங்குதுன்னு நீங்க சிரிச்சிருக்கீங்க. அதுக்குப் பேரு என்னம்மா?"

மூலையிலிருந்து ஸ்டெனோ முதல்முறையாகப் பேசினார்.

"காரணமில்லாத சிரிப்பு சார்."

சொல்லி முடிக்குமுன் கல் முகம் உடைந்துவிட்டது. அவர் விசைப்பலகை மேலேயே கவிழ்ந்துகொண்டார்.

"எழுதிக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி இறங்கினார். "கழிவு அனுமதிக்கப்படுகிறது." ஒரு கை மட்டும் மேலே வந்து, மேசையைத் தடவி, முத்திரையைக் கண்டுபிடித்து, காகிதத்தில் ஓங்கிக் குத்தியது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கதவு வரை போனவருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து மேசைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"சார், எங்க வீட்டுல ஒரு நாற்காலி சும்மா கெடக்குது. இனிமே எனக்குத் தேவைப்படாது. கொண்டாந்து போட்டுடட்டுமா?"

"வேண்டாம்மா" என்றது கீழேயிருந்து குரல். "அது லஞ்சமாயிடும்."

பிறகு மேசைக்குப் பின்னாலிருந்து வேறொரு சத்தம் வந்தது. அது நாற்காலியின் சத்தம் இல்லை.