நான் இல்லாத சனிக்கிழமை

எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் ஆபத்துக் காலத்துக்கான ஒத்திகை. ஊருக்கு வெளியே இந்த நிலத்தை வாங்கி, வீடு கட்டி, கோழியும் ஆடும் வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து என் கணவருக்கு இந்தப் பைத்தியம். ஒரு வாரம் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார், விறகடுப்பில்தான் சமையல். இன்னொரு வாரம் கடைப் பக்கமே போகக் கூடாது. நிலத்தில் விளைந்ததுதான் சாப்பாடு. நானும் மகளும் அவருக்கு வைத்த பெயர் தளபதி. படை என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான்.

இருப்பதிலேயே எனக்குப் பிடிக்காத ஒத்திகை 'இல்லாத ஆள்'. ஒருவர் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை செய்யக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அவர் இல்லாமல் மற்றவர்கள் சமாளிக்க வேண்டும். தளபதியே 'இல்லாத ஆளாக' உட்கார்ந்த வாரங்களில் வீடு ரொம்ப அமைதியாக நடந்தது. பாவம், அதை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.

இந்த வாரம் என் முறை. திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். வயிற்றில் இருப்பது எந்த மாதிரிக் கட்டி என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இது விளையாட்டு இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். இவர்கள் தேறிவிட்டால் நிம்மதியாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தளபதி பால் கறக்கப் போனார். ஆடு அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை உதைத்துத் தள்ளியது. எப்படியோ தாஜா பண்ணி அரைப் பாத்திரம் கறந்துகொண்டு வந்து, யுத்தத்தில் ஜெயித்த முகத்தோடு என்னிடம் காட்டினார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பதினைந்து வயதிலேயே ரொட்டி சுடுவதில் என்னை மிஞ்சியவள். ஆனால் அன்று மாவில் உப்பை அள்ளிக் கொட்டினாள். கோழிக்கூண்டைத் திறந்து போட்டாள். கோழிகள் கீரைப் பாத்தியை ஒரு கை பார்த்தன. கடைசியில் அடுப்பிலிருந்து கருகல் வாடை வந்தது. அவள் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கு வந்ததே கோபம். எழுந்துவிட்டேன்.

"என்னடி பண்ற? கண்ணு முன்னாடி கருகுது, மரம் மாதிரி நிக்கிற?"

"நீ பேசக் கூடாதும்மா. ரூல்."

"ரூலைத் தூக்கி அடுப்புல போடு! எல்லாம் தெரிஞ்சவதானே நீ? வேணும்னே பண்றியா?"

"ஆமா, வேணும்னேதான்." அவள் குரல் உடைந்தது. "நாங்க நல்லா சமாளிச்சுட்டா நீ பாட்டுக்கு நிம்மதியா போயிடுவ. நீ நிம்மதியா போக வேணாம். கவலையோடயே போ. அப்பதான் திரும்பி வருவ."

தளபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அழாமல் இருந்த நான், அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு அந்த ரொட்டியைத்தான் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம்.

"வாயில வைக்க முடியலடி," என்றேன். "நான் இல்லாம எப்படித்தான் இருக்கப் போறீங்களோ. எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு."

அன்றைக்கு முதல் தடவையாக அவள் சிரித்தாள்.