யாரும் போகாத ஊர்

ரோஸ்மேரியின் மண்டையில் களிமண்தான் இருக்கிறது என்று முடிவு கட்டியது வேறு யாருமில்லை, ரோஸ்மேரியேதான். திண்டுக்கல் தனி மாவட்டமான வருஷம் அது. ரயிலடியில் தபால் பிரிக்கும் ஆபீஸில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது. அங்கே ஒரு பரீட்சை உண்டு. ஊர்ப்பெயர் எழுதிய இருநூறு அட்டைகளைக் கலைத்துக் கையில் கொடுப்பார்கள். எந்த ஊர் எந்தப் பையில் போகும் என்று பார்த்து, அலமாரியின் அறைகளில் மளமளவென்று போட வேண்டும். பத்துத் தப்புக்கு மேல் போனால் தோல்வி. அவள் இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவதிலும் கோட்டைவிட்டால் வேலை நிலைக்காது, வீட்டைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

படிக்காமல் ஒன்றும் இல்லை. அகர வரிசைப் பட்டியலைக் காலையும் மாலையும் ஜெபமாலை மாதிரி உருட்டினாள். வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது, பரீட்சைக்காரிக்குத்தான் ஆகவில்லை. ‘வ’வில் ஒரு ஊர் வந்தால் ‘அ’விலிருந்து ஆரம்பித்து ஓடிவர வேண்டும். அதற்குள் மணி அடித்துவிடுவார்கள்.

“ஒங்களுக்கு மட்டும் எப்டிண்ணே ஞாபகம் இருக்கு?” என்று பக்கத்து அலமாரிக்காரர் பெரியகருப்பனைக் கேட்டாள்.

“அதுவா வரும்த்தா,” என்றார் அவர். காலணாவுக்குப் பிரயோசனமில்லாத பதில்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. வேறு வேலை ஏதாவது விளம்பரம் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மத்தியானம் நூலகத்துக்குப் போனாள். பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷர் தூங்கிக்கொண்டிருந்தார். மேஜையில் பி.எட். படிக்கிற யாரோ விட்டுப்போன உளவியல் புத்தகம் கிடந்தது. பொழுது போகாமல் புரட்டியவள், அப்புறம் நிமிரவே இல்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒருவர், அர்த்தமே இல்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் எழுதிவைத்துத் தன் தலையிலேயே சோதனை செய்திருக்கிறார். உருப்போட்டு, மறந்து, மறந்தது எவ்வளவு என்று குறித்து, மறுபடி உருப்போட்டு, இப்படியே வருஷக்கணக்கில். அர்த்தமில்லாத எண்பது அசைகள் ஏறுவதற்கு எழுபது எண்பது தடவை சொல்ல வேண்டியிருந்ததாம். அதே நீளத்தில் அர்த்தமுள்ள பாட்டுக்கு எட்டு ஒன்பது தடவையே போதுமாம். பின்னால் வந்தவர்களும் சோதித்திருந்தார்கள். சொல்லின் ஓசையைக் கவனித்தவர்கள் மறந்துபோனார்கள், பொருளை யோசித்தவர்களுக்கு அது நினைவில் தங்கியது.

ரோஸ்மேரிக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. எந்தத் தேசத்திலோ எந்தக் காலத்திலோ ஒரு மனுஷன் தன்னந்தனியாக உட்கார்ந்து, அவளுடைய ஒன்றரை வருஷ அவதியை அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படியானால் களிமண் இல்லை. அவள் தலைக்குள் கொட்டியதெல்லாம் வெறும் சத்தம். பொலபொலவென்று கண்ணீர் வந்தது. தூங்கியவர் விழித்து, கேட்காமலே பேப்பரை நீட்டினார்.

அதை அவள் வாங்கவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். தபால் பைகளும் பஸ்ஸில்தானே போகின்றன? எந்த ஊர்க்காரர் எந்த பஸ் ஏறுகிறாரோ, அந்த ஊர்த் தபாலும் அதில்தான். நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை கொண்டுவந்து விற்கும் முனீஸ்வரியிடம் பட்டியலை விரித்தாள்.

“அக்கா, இந்த ஊர்லயெல்லாம் ஒங்களுக்கு யாரு இருக்கா?”

“சித்தையன்கோட்டையா? எங்க நாத்தனா வாக்கப்பட்ட ஊருல்ல! வெஞ்சனத்துல உப்பு பத்தலன்னு மாமியா சொன்னாளாம். சாயங்கால பஸ்லயே நெலக்கோட்டைக்குத் திரும்பி வந்து எங்க தலையில ஒக்காந்துட்டா.”

மூன்று வாரமும் இதே வேலை. பூ வாங்க வந்தவர்கள், கண்டக்டர்கள், ஆட்டுக்கு டிக்கெட் எதற்கு என்று சண்டைபோட்ட கன்னிவாடிக்காரர், எல்லோரும் ஆளுக்கு ஒரு ஊரைக் கொடுத்தார்கள். ஒத்தப்பனையூருக்கு மட்டும் ஆளே அகப்படவில்லை.

“அங்கிட்டு யாரு போவா? ஒரு மொழம் பூ வாங்கக்கூட அந்த ஊருலருந்து ஆளு வந்ததில்ல,” என்றாள் முனீஸ்வரி.

“வத்தலக்குண்டுப் பையிலதான் போகுதுன்னு போட்டுருக்குக்கா.”

“அங்க எறங்கி அம்புட்டுத் தூரமும் தபால்காரன் ஒத்தையில நடப்பானாக்கும். பாவம்.”

பரீட்சையன்று, அதை நடத்தும் மீரான் சார் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். ரோஸ்மேரி முதல் அட்டையை எடுத்தாள். ஊர் வரவில்லை, ஆள் வந்தார். அடுத்த அட்டைக்கு அடுத்த ஆள். கல்யாணமும் சண்டையும் ஆடும் மாடுமாக ஒரு சீமையே அவள் கையில் ஏறி இறங்கியது. இத்தனை பேர் தன் மண்டைக்குள் இருக்கிறார்களா என்று அவளுக்கே பிரமிப்பாக இருந்தது.

நூற்றுச் சொச்சமாவது அட்டை, ஒத்தப்பனையூர். கை நின்றுவிட்டது. முகம் எதுவும் வரவில்லை. அப்போது, வெயிலில் ஒற்றை ஆளாக ஒரு தபால்காரர் நடந்து போவது தெரிந்தது. வத்தலக்குண்டில் இறங்கியவர். பாவம். அவள் கை தானாகப் போய் அட்டையைப் போட்டது.

மீரான் சார் ஒவ்வொரு அறையாகச் சரிபார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். கடைசியில் நிலக்கோட்டை அறையிலிருந்து ஒரே ஒரு அட்டையை உருவிக் காட்டினார்.

“பாஸாயிட்டம்மா. இது ஒன்னுதான் தப்பு. சித்தையன்கோட்டை எப்டி இங்க வந்துச்சு?”

ரோஸ்மேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“கோவிச்சுக்கிட்டு வந்துட்டா சார்,” என்றாள்.